சூட்டுச் சீட்டு

கோமதிநாயகத்தின் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக யாரும் அடுத்தவர் வீட்டுக் கூரைமேல் ஏறியதில்லை. ஏற வேண்டியிருந்தால் ஆள் வைத்து ஏற்றினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் தலைமை எழுத்தராக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக்குள்ளேயே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நடமாடிய ஒரு மனிதர், தமது அறுபத்தொன்றாவது வயதில் நீலச் சீருடையும் இடுப்பில் ஸ்பானர் பையுமாக ஏசி மெக்கானிக் ஆனார் என்றால், அதற்குக் காரணம் குடும்ப மானம். வேறு எதற்காகவும் அவர் குனிந்திருக்க மாட்டார்.

சங்கரன்கோவிலில் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டி, அறையைக் குளிரூட்டுவது குற்றம் என்று சட்டம் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. சுவருக்கும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் குளிர் கொடுக்க நாட்டில் மின்சாரம் இல்லை. மனிதருக்கு மட்டும்தான் குளிர். வீட்டுக்கு ஒரு பெட்டி. ஒவ்வோர் அறையின் மேல்மூலையிலும் ஒரு சின்ன மூக்கு. அந்த மூக்கு ஆளைத் தேடிப் பிடித்து, உடம்புச் சூட்டை அளந்து, வேண்டிய காற்றை அவர்மேல் மட்டும் ஊதும். ஜனங்கள் அதற்கு 'ஆள் ஏசி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கோமதிநாயகம் வீட்டு ஆள் ஏசிக்கு ஒரு விசேஷம் உண்டு. முன்னறைச் சாய்வு நாற்காலியில் அவர் அமர்ந்துவிட்டால் மூக்கிலிருந்து மார்கழி மாதமே இறங்கும். மனைவி ஆவுடையம்மாளுக்கும் மகள் செண்பகவல்லிக்கும் விசிறிக் காற்றுப் போல அளவாகத்தான் வரும். வந்தவர்கள் அதிசயப்பட்டால், "மெஷின்தானேன்னு நினைக்காதீரும். வீட்டுத் தலைவர் யாருன்னு அதுக்குத் தெரியுது" என்பார். எதிர்வீட்டுத் தையல்காரர் ஞானசிகாமணி, தம் வீட்டுக் காற்று போதாமல், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருப்பார். அவருக்கும் நாற்காலியில் இருந்தபடியே புத்தி சொல்வார்: "மனசை அடக்கும்வே. உடம்பு தன்னால அடங்கும்."

தொல்லை தரகர் குத்தாலத்தின் உருவில் வந்தது.

"ஜாதகம் பத்துக்கு எட்டு பொருந்துது அண்ணாச்சி" என்றார் தரகர், நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று கசியும் குளிரை வாங்கிக்கொண்டே. "பையன் தென்காசியில அணைக்கட்டு இன்ஜினியர். ஒரே பையன். பொண்ணும் பையனும் ஒரு மாசமாப் போன்ல பேசுதுக, ரெண்டுக்கும் பிடிச்சுப் போச்சு. இனி சூட்டுச் சீட்டு மட்டும் குடுத்திட்டியன்னா தட்டு மாத்திக்கிடலாம்."

"என்ன சீட்டு?"

"உங்க வீட்டு ஆள் ஏசியோட தொண்ணூறு நாள் குறிப்பு. இப்ப எல்லாரும் கேக்காங்க. ஜாதகம் பாக்காத வீடு உண்டு, சீட்டு பாக்காத வீடு கிடையாது. யாருக்கு எப்பச் சூடு ஏறுச்சு, யாரு பக்கத்துல இருக்கையில ஏறுச்சு, யாரு எந்த ரூம்ல படுத்தாங்க, எல்லாம் அந்தப் பெட்டியில பதிஞ்சு கிடக்கும். லைசன்ஸ் உள்ள மெக்கானிக் திறந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். சண்டைக்கார வீடா, சாந்தமான வீடான்னு ஒரு பார்வையில தெரிஞ்சிரும்."

"என் வார்த்தை போதாதா?"

"உங்க வார்த்தையில டெம்பரேச்சர் தெரியாதே அண்ணாச்சி."

மார்கழிக் காற்றுக்கு நடுவிலும் கோமதிநாயகத்துக்கு முதுகு வியர்த்தது. காரணம் இருந்தது.

அவரும் ஆவுடையம்மாளும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

மைத்துனர் புதுவீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில், மூத்த மாப்பிள்ளையான கோமதிநாயகத்தின் பெயரை இளைய மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். அதுவும் பொடி எழுத்தில். அவர் போனார்; முறையை விடவில்லை. பந்தியில் உட்கார்ந்தார். இலையில் பாயசம் விழுந்தபோது எதேச்சையாகச் சட்டைப் பையிலிருந்த பத்திரிகை கண்ணில் பட்டது. எழுந்துவிட்டார். கணவன் எழுந்தால் மனைவியும் எழ வேண்டும் என்பதால், சொந்தத் தம்பி வீட்டில் பசியோடு ஆவுடையம்மாளும் எழுந்தாள். தெருமுனை வந்ததும், "இனி உங்க கூட நான் பேசினா என்னன்னு கேளுங்க" என்றாள். கேட்பதற்கு அவசியமே வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. விசேஷ வீடுகளில் ஜோடியாக நின்று திருநீறு பூசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் டம்ளர்தான் பேசியது. காபி டம்ளரை ஆவுடையம்மாள் மெல்ல வைத்தால் எல்லாம் சரி. 'ணங்' என்று வைத்தால் மின்கட்டணம் கட்டவில்லை. மூடி வைத்தால் யாரோ உறவில் போய்விட்டார்கள். இவர் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சமையலறைக்குச் சேர்த்துவிடும்.

இது மொத்தமும் பெட்டிக்குள் பதிந்து கிடக்கிறது! அதைத் திறப்பது யார்? தெருவில் இருந்த ஒரே மெக்கானிக் பேச்சிமுத்து. வக்கீல் வீட்டுச் சர்க்கரை நோய்க்கார மாமியார் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அலமாரிப் பக்கம் நிற்பதையும், உடனே அவளுக்குச் சூடு ஏறுவதையும் டீக்கடையில் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவன். அவன் கையில் குடும்பத்தைக் கொடுப்பதா?

அன்றிரவு கோமதிநாயகம் தூங்கவில்லை. காலையில் சுவரைப் பார்த்து, "கோயில் கமிட்டியில பெரிய பொறுப்பு ஒண்ணு வந்திருக்கு. ஆறு வாரம் தினமும் திருநெல்வேலி போகணும்" என்று அறிவித்தார். மஞ்சள் பையோடு கிளம்பினார். பைக்குள் நீலச் சீருடை இருந்தது.

பயிற்சிக் கூடத்தில் பதினான்கு பேர். மூன்று வாலிபர்களைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். இவர்கள் எல்லார் சீருடைக்கு உள்ளேயும் வெள்ளைச் சட்டைக் காலர் விறைப்பாக எட்டிப் பார்த்தது. எல்லார் காலடியிலும் ஒரு மஞ்சள் பை. யாரும் யாரையும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. பெயர் கேட்பதும் மரியாதை இல்லை என்பதால் பூர்வீகம் எது என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் 'கரிவலம் அண்ணாச்சி' ஆனார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த, கரண்டி பிடித்த கை போல விரல் நுனி சிவந்த தடித்த மனிதர் 'சிவகிரி அண்ணாச்சி'.

"பொழுது போகல்ல, அதான் வந்தேன்" என்றார் சிவகிரி, கேட்காமலே.

"எனக்கும் அதேதான்" என்றார் இவர்.

பாடம் நடத்தியது மெர்லின் என்ற முப்பது வயதுப் பெண். பாளையங்கோட்டைக்காரி. பதிவேட்டில் இருந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"முதல்ல ஒண்ணு மனசுல வைங்க. குளிர்னு ஒரு பொருளே கிடையாது. நாம அதை உண்டாக்கவும் இல்ல. ஒருத்தர் மேல இருக்க சூட்டை எடுத்து இன்னொரு இடத்துல கொண்டு போய் விடுதோம். அவ்வளவுதான் நம்ம தொழில்."

"எந்த இடத்துல விடுதோம்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"நல்ல கேள்வி பதினொண்ணு. தெருவுல விடுதோம். தெருவுல யாரு இருக்கா? ஏசி இல்லாதவன் இருக்கான். அதனாலதான் அளவு வச்சிருக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பங்கு குளிர். பிரதமர் ஆனாலும் எட்டு, பால்காரர் ஆனாலும் எட்டு. இதுக்கு மேல தெருவுக்குன்னு ஒரு பொதுப் பங்கு உண்டு. காய்ச்சல் வந்தா, பிரசவம்னா அதுல இருந்து எடுக்கலாம். அப்புறம் அடுப்பு, கொதிகலன்னு தீப்பிடிக்கிற சாமான் இருந்தா அதுக்கு அளவே கிடையாது. எவ்வளவு கேட்டாலும் பொதுப் பங்குல இருந்து போய்க்கிட்டே இருக்கும்."

கோமதிநாயகம் இதை முத்து முத்தான கையெழுத்தில் குறித்துக்கொண்டு கீழே ஒரு கோடும் போட்டார். தாலுகா ஆபீஸ் பழக்கம்.

எழுதுவது எளிதாக இருந்தது. குனிவதுதான் வரவில்லை. பெட்டியின் அடித்தகட்டைக் கழற்ற வேண்டும் என்றால் அவர் நிமிர்ந்து நின்றபடியே கையை மட்டும் கீழே அனுப்பிப் பார்த்தார்.

"பதினொண்ணு சார், குனியுங்க. மெஷின் உங்களுக்காக எந்திரிச்சு வராது."

"முதுகு வளையாது டீச்சர். பரம்பரை."

"அப்போ படுத்துக்கிடுங்க."

படுத்தார். ஐந்து தலைமுறை கௌரவமும் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுத்தது. பக்கத்தில் சிவகிரியும் வயிற்றைப் பெட்டிக்கு அடியில் நுழைக்க வழி தெரியாமல் கிடந்தார்.

"என்னவே பாக்கீரு?" என்றார் சிவகிரி.

"ஒண்ணுமில்ல. நம்ம சொந்தக்காரன் எவனும் ஜன்னல் வழியாப் பாக்கானான்னு பாத்தேன்."

தாமிரக் குழாயைச் சூடாக்கி ஒட்டுவது அடுத்த பாடம். ஒட்டிய இடத்தில் சோப்பு நுரையைத் தடவ வேண்டும். கேஸ் கசிந்தால் குமிழி வரும். கோமதிநாயகத்தின் முதல் இணைப்பு ஜலதோஷம் பிடித்த குழந்தையின் மூக்கு போலக் குமிழி விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பத்து நிமிடம் பார்த்தும் ஒரு குமிழி எழவில்லை. முப்பத்திரண்டு வருட ஆபீஸ் வாழ்க்கையில் அவர் முடித்துவைத்த எந்தக் கோப்பும் அப்படி முழுசாக முடிந்ததில்லை. நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சிவகிரி வாங்கிக் கொடுத்த வாழைக்காய் பஜ்ஜியில் பாதியைத் தின்றார். ஒரே தட்டில் இன்னொருவரோடு அவர் தின்றது அதுதான் முதல் தடவை.

ஆறாவது வாரக் கடைசியில் லைசன்ஸ் அட்டை கொடுத்தார்கள். மெர்லின் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னாள்.

"சூட்டுச் சீட்டு எழுதுறதுல ஒரு விதி. சொந்த வீட்டுக்கும் சொந்தக்காரங்க வீட்டுக்கும் நீங்களே கையெழுத்துப் போடக்கூடாது. அப்பா, மாமன், மச்சான், சம்பந்தி எல்லாம் அதுல சேத்தி. போட்டா லைசன்ஸ் போயிரும்."

பதினோரு காலர்கள் ஒரே நேரத்தில் தொய்ந்தன. மூன்று வாலிபர்கள் மட்டும் கைதட்டினார்கள்.

டீக்கடையில் கோமதிநாயகமும் சிவகிரியும் வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"பொழுது போகாம நீரு வரல்லவே" என்றார் கோமதிநாயகம்.

"நீரும்தான்."

"என் வீட்டுச் சீட்டை நானே எழுதலாம்னு வந்தேன். பொண்ணுக்கு ஒரு இடம் கூடி வருது. வீட்டுல..." அவர் டம்ளரை வைத்தார். 'ணங்' என்று வைத்துவிட்டோமே என்று பதறி மறுபடி எடுத்து மெல்ல வைத்தார். "எனக்கும் அவளுக்கும் ஒம்பது வருசமாப் பேச்சு வார்த்தை கிடையாது."

சிவகிரி மூச்சை இழுத்து விட்டார். "உம்ம கதை தேவலை. எங்க வீட்டுல காலையில அஞ்சு மணிக்குச் சமையக்கட்டுல நிக்கது நான்தான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து. அவளுக்கு வெந்நீர் வைக்க வராது. பையனும் என்னப் பாத்து நல்லாச் சமைப்பான். இது சீட்டுல வந்தா என் தம்பிமார் மூஞ்சியில எப்படிவே முழிப்பேன்?"

"சே, இதெல்லாம் ஒரு..." என்று தொடங்கிய கோமதிநாயகம், அது தன் வீட்டில் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, "கஷ்டம்தான்" என்று முடித்தார்.

"ஒரு யோசனை. என் வீட்டுச் சீட்டை நீரு எழுதும். உம்ம வீட்டுச் சீட்டை நான் எழுதுதேன். நாம என்ன சொந்தமா?"

"ஊர் பேர் தெரியாத சிநேகம்."

"எழுதிக்கிடும். ஆதிமூலம். தென்காசி, மலைக்கோயில் தெரு."

கோமதிநாயகத்தின் பேனா நின்றது. "பையன்... அணைக்கட்டு இன்ஜினியரா?"

"ஆமா. உமக்கு எப்படி... நீரு எந்த ஊருவே?"

"பூர்வீகம்தான் கரிவலம். இருக்கது சங்கரன்கோவில்."

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஆறு வாரம் பக்கத்தில் பக்கத்தில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தவர்கள், வாயில் பஜ்ஜி எண்ணெய் பளபளக்க, துண்டைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார்கள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்றார் ஆதிமூலம்.

"உங்க புண்ணியத்துல" என்றார் கோமதிநாயகம்.

எந்த மனிதருக்குத் தெரியக் கூடாது என்று ஆறு வாரம் தரையில் படுத்தாரோ, அதே மனிதரிடம் தன் வாயாலேயே சொல்லியாயிற்று. இனிக் கெடுவதற்கு என்ன இருக்கிறது? "நாம இன்னும் சம்பந்தி ஆகல. கையெழுத்து செல்லும். ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார், மிக விறைப்பாக.

ஞாயிற்றுக்கிழமை ஆதிமூலம் சீருடையில் வந்தார். கூடவே முறைக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். இருபத்தெட்டு வயது, காற்றாலைக் கம்பெனியில் வேலை, அப்பாவுடைய முகவாய், அம்மாவுடைய வாய்.

"கோயில் கமிட்டிக்காரங்களாப்பா?" என்று கேட்டாள், இரண்டு பேர் காலர்களையும் பார்த்து.

"ஆமா. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. ஆதிமூலம் பெட்டியைத் திறந்து குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது.

"முன்னறைக் குழாய் இணைப்பு மட்டும் தேஞ்சு போயிருக்கு. மத்ததெல்லாம் புதுசு மாதிரி இருக்கே. இங்கன என்ன அவ்வளவு ஓடுது?"

"அது என் நாற்காலிப் பக்கம். மெஷினுக்கு மரியாதை தெரியும்" என்றார் கோமதிநாயகம்.

ஆதிமூலம் குறிப்பைத் திரையில் வரவழைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த வீட்டுல உங்களைக் காணோமே!"

"என்னது?"

"ஆட்கள்: ரெண்டு. ஆவுடையம்மாள், செண்பகவல்லி. சாந்தமான வீடு, ஒரு குறையும் இல்ல. சண்டை, சச்சரவு, ஒண்ணும் கிடையாது. அப்புறம் சாமான்கள்னு ஒரு பட்டியல். அதுல..." அவர் குரல் இறங்கியது. "அடுப்பு, ஒண்ணு. முன்னறை. சாய்வு நாற்காலி மேல."

மார்கழிக் காற்று மட்டும் சர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் சுவரைப் பார்த்தார். "செண்பகம், உங்கம்மாகிட்டக் கேளு. முன்னறையில ஏது அடுப்பு?"

"அவளை எதுக்குக் கேக்கிய? என்னையக் கேளுங்க."

சமையலறை வாசலில் ஆவுடையம்மாள் நின்றாள். கோமதிநாயகம் திரும்பி, தமக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை.

"பேச்சு வார்த்தை இல்லன்னீரே?" என்று ஆதிமூலம் முணுமுணுத்தார்.

"மெஷின் மாட்ட வந்தவன் வீட்டுல யாராரு இருக்கீங்கன்னு கேட்டான்" என்றாள் ஆவுடையம்மாள். ஒன்பது வருடம் வெளியே வராத குரல் துருப்பிடிக்காமல் இருந்தது. "ஆளுக்கு எட்டுப் பங்குதான்னான். அன்னைக்கு வெயில் ஐம்பத்தொண்ணு. உங்களுக்கு எட்டுப் பங்கு பதினோரு மணிக்குத் தீந்திரும். பதினொண்ணேகாலுக்குக் கத்த ஆரம்பிப்பிய. பேப்பர்காரன், காக்கா, பக்கத்து வீட்டு ரேடியோ, எல்லாத்தையும். இவளுக்குப் பரீட்சை. அடுப்புக்கு அளவே கிடையாதுன்னு அவன் சொன்னான். யோசிச்சுப் பாத்தேன். பொய் சொல்லுத மாதிரியும் தோணல்ல."

"அடுப்புன்னு போடச் சொன்னது அம்மா" என்றாள் செண்பகவல்லி. "நாற்காலி மேலன்னு போட்டது நான்."

ஆதிமூலம் சிரிப்பை அடக்கப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். பெட்டி குலுங்கியது.

கோமதிநாயகம் நாற்காலியில் உட்காரப் போனார், உட்காரவில்லை. அடுப்பு என்று சொன்னது சுருக்கென்று தைத்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று, கோடு போட்டு எழுதிய தன் கையெழுத்திலேயே, நினைவுக்கு வந்தது. அளவில்லாத குளிர் பொதுப் பங்கிலிருந்து போகும். ஜன்னல் வழியாக எதிர்வீடு தெரிந்தது. ஞானசிகாமணி தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். போன கோடையில் அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது, தெருவில் பொதுப் பங்கு தீர்ந்துபோய்விட்டது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போதும் இவர் இந்த நாற்காலியில்தான் இருந்தார். மனதை அடக்குவதைப் பற்றி ஏதோ சொன்னார்.

அடுத்தவர் வீட்டு வெற்றிலையைக்கூடக் கேட்காமல் எடுக்காத குடும்பம் அது.

"அண்ணாச்சி" என்றார் ஆதிமூலம் தலையை வெளியே எடுத்து. "இதை உள்ளபடி எழுதினா, வீட்டுல ஆம்பளை இல்ல, அடுப்பு ஒண்ணுன்னுதான் எழுதணும். எங்க வீட்டுல அத்தைமார் ரெண்டு பேர் உண்டு. பொண்ணோட அப்பா எங்க, எவ கூட இருக்காருன்னு கேப்பாளுக. நான் வேணா ஆட்கள் மூணுன்னு மாத்தி எழுதிரட்டா? யாருக்குத் தெரியப் போவுது?"

"வேண்டாம்."

"இப்பத் திருத்தினா தொண்ணூறு நாள் புதுசா ஓடணும். அதுவரைக்கும் அத்தைமார் காத்திருக்க மாட்டாளுக. இந்த இடம் தட்டிப் போகும்."

கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். இரண்டரை மாதமாக அவள் மாடியில் போனில் சிரிக்கும் சத்தம் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"செண்பகம், நீ சொல்லு."

செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுத் துண்டைப் பார்த்தாள். "அடுப்பை எடுத்திருங்கப்பா" என்றாள். "பொய்ச் சீட்டுல கல்யாணம் பண்ணிட்டுப் போக எனக்கும் இஷ்டமில்ல."

"கேட்டீரா?" என்றார் கோமதிநாயகம். "அடுப்பை எடும். என்னை ஆளாப் போடும். எட்டுப் பங்கு போதும்."

"எட்டுப் பங்கா? கத்துவியளே" என்றாள் ஆவுடையம்மாள்.

"கத்தமாட்டேன்." அவர் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார். "கத்தினா டம்ளரை வை."

ஆதிமூலம் திரையில் விரலை வைத்தார். முன்னறை மூக்கு ஒரு முறை செருமியது. மார்கழி நின்றது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கோமதிநாயகத்துக்குத் தம் வீட்டின் சூடு தெரிந்தது. இவர்கள் இதிலேயா இருந்தார்கள்?

ஆதிமூலம் சீட்டை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். கொஞ்சம் யோசித்து, மறுபடி மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இந்த வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது அண்ணாச்சி."

"ஏன்?"

"சம்பந்தி கையெழுத்து செல்லாதுன்னு டீச்சர் சொல்லிச்சுல்லா?"

"நாம இன்னும் சம்பந்தி ஆகலையே."

"அதுக்குத்தான் கேக்கேன். வெத்தலைத் தட்டு எங்க?"

"அத்தைமார்?"

"நாளைக்கு நம்ம வீட்டுல அவுங்களுக்குச் சாப்பாடு போட்டுச் சொல்லுதேன். நானே சமைச்சேன்னும் சொல்லுதேன். ரெண்டுல எதைக் கேட்டு முதல்ல மயக்கம் போடுதாளுகன்னு பாப்போம். கிடைச்சிட்டிருந்த குளிரை வேண்டாம்ன வீட்டுல பொண்ணெடுக்காம வேற எங்கவே எடுக்க?"

"ஏட்டி, வெத்தலையை எடு" என்றாள் ஆவுடையம்மாள் மகளிடம். பிறகு இவரிடம் திரும்பி, "நீங்க சட்டையைக் கழத்திட்டு வேற போடுங்க. முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் கோமதிநாயகம் ஸ்பானர் பையோடு தெருவைக் கடந்தார். ஞானசிகாமணி வீட்டுப் பெட்டியைக் கேட்காமலே திறந்து, தூசியைத் தட்டி, கசிந்த இணைப்பு ஒன்றை ஒட்டி, சோப்பு நுரை தடவிப் பத்து நிமிடம் காத்திருந்தார். "உங்க காத்தை ஒம்பது வருசமா நான் வாங்கிட்டேன். தப்பு" என்றார் குழாயைப் பார்த்தபடி. ஞானசிகாமணி தலைத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "பரவால்ல. மனசை அடக்கிக்கிடுதேன்" என்றார். அதை வாங்கிக்கொண்டுதான் இவர் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

கல்யாணப் பத்திரிகையில் மைத்துனரின் பெயர் முதல் வரியில், கொட்டை எழுத்தில் வந்தது. மெய்ப்புப் பார்த்தவர் கோமதிநாயகமே.

லைசன்ஸ் அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் பேச்சிமுத்து வாயில் விழப் பயந்த வீடுகள் ஊரில் நிறைய இருந்தன. வாயைத் திறக்காத மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், பார்த்தால் பெரிய மனிதர் போல இருக்கிறார், வேலையில் மட்டும் படுத்துக்கொள்கிறார் என்று செய்தி பரவியது. கல்யாணம் முடிந்த மறுவாரமே ஆள் தேடி வந்தார்கள்.

புளியங்குடியில் ஒரு பெரிய வீடு. நடுக்கூடத்தில் ஊஞ்சல். அதில் நெற்றி நிறையத் திருநீறோடு, முதுகு வளையாத ஒரு மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அவர்மேல் மார்கழி மாதம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஷூவைக் கழத்திட்டு உள்ள வாரும்" என்றார் ஊஞ்சல்காரர். "பெட்டி அங்கன இருக்கு. சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்பும்."

கோமதிநாயகம் ஷூவைக் கழற்றிவிட்டுப் போனார். படுத்தார். அடித்தகட்டைக் கழற்றினார். ஒரே ஒரு குழாய் இணைப்பு மட்டும் தேய்ந்திருந்தது. குறிப்பைத் திறந்து, சாமான்கள் பட்டியலை மட்டும் பார்த்தார். கொதிகலன், ஒன்று. நடுக்கூடம். ஊஞ்சல் மேல.

வீட்டம்மா சமையலறைக் கதவோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதை ஆளா மாத்தணும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "தெருவோட பங்கு போகுது. சட்டம்."

அவள் ஊஞ்சலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "மாத்தினா வெடிக்குமே அண்ணாச்சி?"

"முதல் பத்து நாள் வெடிக்கும்" என்றார் கோமதிநாயகம், ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டபடி. "அப்புறம் அடங்கிரும். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துது."